கழித்தலில் கரைகண்டவர்கள்

சேர்ப்பது எளிது. ஒரு கருவியில் இன்னொரு பொத்தான், இன்னொரு துளை, இன்னொரு விளக்கு என்று வைத்துக்கொண்டே போக யாராலும் முடியும். இருந்ததை எடுத்துவிட்டு, எடுத்த இடம் தெரியாமல் இழைத்து, இல்லாததையே சிறப்பாகக் காட்டி நல்ல விலைக்கு விற்பதற்குத்தான் தனித் திறமை வேண்டும். கையடக்கப் பாட்டுக்கருவிகளையும் கைப்பேசிகளையும் வடிவமைப்பவர்களிடம் அந்தத் திறமை நிறைய இருக்கிறது. அதைப் புகழ்ந்துதான் இதை எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லையும் ஒப்புக்காகச் சொல்லவில்லை.

2009 மார்ச்சில் ஆப்பிள் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை ஐபாட் ஷஃபிளை எடுத்துக்கொள்வோம். நீளம் நாலரை சென்டிமீட்டர், அகலம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, எடை 11 கிராமுக்குள். 4 ஜிபி நினைவகம், விலை 79 டாலர். அலுமினிய உடம்பு, சட்டையில் மாட்டிக்கொள்ள எஃகுக் கிளிப். மேல் முனையில் நகர்த்துகிற ஒரு சுவிட்சும் இயர்போன் துளையும் மட்டும். மற்றபடி அந்த உடம்பில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. பாட்டைப் போட, நிறுத்த, தாண்ட, ஒலியைக் கூட்டிக் குறைக்க வேண்டிய எல்லாப் பொத்தான்களும் இயர்போனின் வலது காதுக்குப் போகும் வயருக்குக் குடிபோயிருந்தன.

அந்த வயரில் நடுப்பொத்தானை ஒருமுறை தட்டினால் பாட்டு ஓடும், அல்லது நிற்கும். இரண்டு தட்டினால் அடுத்த பாட்டு. மூன்று தட்டினால் முந்தைய பாட்டு. இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பாட்டு முன்னால் ஓடும். மூன்றாவது தட்டில் பிடித்தால் பின்னால் ஓடும். ஒரே தட்டில் பிடித்திருந்தால் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஒரு குரல் காதில் சொல்லும். அதற்கும் மேலே பிடித்திருந்தால் ஓர் ஒலி வரும், பிறகு பாட்டுத் தொகுப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும், வேண்டியது வரும்போது தட்ட வேண்டும். பேருந்துக் கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கழுத்தோரம் கொண்டுபோய், கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொத்தானை எண்ணித் தட்ட வேண்டிய வேலை இது. இத்தனை காரியங்களை ஒரே பொத்தானுக்குள் அடக்கியது சாதாரண மூளை அல்ல. திரையே இல்லாத கருவி பாட்டின் பெயரை வாய்விட்டுச் சொன்னதும் நல்ல யோசனை. பார்வையற்றவர்களுக்கு அது மெய்யாகவே உதவியது. 14 மொழிகளில் அது பேசியது. தமிழ் அந்தப் பதினான்கில் இல்லை.

இயர்போன் பயன்படுத்திய எவருக்கும் தெரியும், முதலில் சாவது வயர்தான். பின்னுக்குப் பக்கத்தில் மடிந்து மடிந்து உள்ளே இழை அறுந்துபோகும். ஒரு காதில் பாட்டு வரும், மறு காதில் கொரகொரக்கும், வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் சரியாகும், விட்டால் போகும். ஷஃபிளில் எல்லாக் கட்டுப்பாடும் அந்த வயரிலேயே இருந்தது. அது போனால் கருவிக்குள் பாட்டுகள் பத்திரமாக இருக்கும், கருவியும் பழுதில்லாமல் இருக்கும், ஆனால் அதை ஆள்வதற்கு எதுவும் இருக்காது. வீட்டிலிருக்கும் சாதாரண இயர்போனைச் செருகினால் பாட்டு ஓடும். ஒலியைக் கூட்டவோ அடுத்த பாட்டுக்குப் போகவோ வழி கிடையாது. வேறு நிறுவனத்தின் இயர்போன் வேண்டுமென்றால் அதற்குள்ளும் ஆப்பிளின் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்க வேண்டும். ஒருமுறை கருவியை வாங்கியவரை அதன் இயர்போனுக்கும் நிரந்தர வாடிக்கையாளராக்க, பொத்தான்களைக் கருவியிலிருந்து வயருக்கு இடம் மாற்றியதே போதுமானதாக இருந்தது. இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்த நான்காம் தலைமுறையில் பொத்தான்கள் உடம்புக்குத் திரும்பின. மக்கள் பொத்தான்களைத் தேடியது தெளிவாகத் தெரிந்தது என்று ஸ்டீவ் ஜாப்ஸே மேடையில் சொன்னார். எடுத்ததையும் பெருமையாக அறிவித்தார்கள், திருப்பி வைத்ததையும் மேடை போட்டுப் பெருமையாக அறிவித்தார்கள்.

கழிப்பதே குற்றம் என்று சொல்லவரவில்லை. இந்தத் துறையே ஒரு நல்ல கழித்தலில் பிறந்ததுதான். 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேன், நிருபர்களுக்கான பிரஸ்மேன் என்ற சிறு ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து உருவானது. பதிவு செய்யும் பாகத்தையும் ஒலிபெருக்கியையும் எடுத்துவிட்டார்கள். பதிவு செய்ய முடியாத டேப்பை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகப்பட்டார்கள். சோனியின் தலைவர் அக்கியோ மொரீட்டா விடவில்லை. விலை 33,000 யென். பாகத்தை எடுத்ததால் கருவி இலேசானது, இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்க முடிந்தது. அந்தக் கழித்தலின் பலன் வாங்கியவருக்குப் போனது.

அதே கருவியில் இரண்டு இயர்போன் துளைகள் இருந்தன. தனியாகப் பாட்டுக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று மொரீட்டாவுக்குத் தோன்றியதால் இரண்டு பேர் சேர்ந்து கேட்க ஏற்பாடு செய்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டுத் தணிந்து, உள்ளிருக்கும் சிறு ஒலிவாங்கி வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். பாட்டின் நடுவே பக்கத்து ஆளோடு பேசுவதற்கென்று ஒரு பொத்தான்! மின்சாரத்துக்கு இரண்டு பென்சில் பேட்டரி. தீர்ந்தால் தெருமுனைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இத்தனையையும் வைத்திருந்தவர்கள் இன்னும் கழிக்கக் கற்றுக்கொள்ளாதவர்கள் என்று பின்னால் வந்த நிபுணர்களைப் பார்த்தால் தெரிகிறது.

2001 அக்டோபர் 23 அன்று அறிமுகமான ஐபாட் அந்தக் கல்வியை முழுமையாக்கியது. உள்ளே தோஷிபாவின் 1.8 அங்குல வன்தட்டு, 5 ஜிபி, சட்டைப்பையில் ஆயிரம் பாட்டு, 399 டாலர். சக்கரத்தைச் சுற்றி ஆயிரம் பெயர்களுக்குள் வேண்டியதை நொடிகளில் எட்டிப் பிடிக்கும் வசதியை இன்றைய தொடுதிரைகூடத் தரவில்லை என்பது என் உறுதியான கருத்து. பார்க்காமலேயே விரல் அதைக் கற்றுக்கொண்டுவிடும். பின்புறம் கண்ணாடிபோல மெருகேற்றிய எஃகு. ஓர் இணைப்போ திருகோ அதில் தெரியாது. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அந்த மெருகு எவ்வளவு நுட்பமானது என்றால், சாவிக்கொத்தோடு ஒரே பையில் ஒரு நாள் இருந்தாலே அந்த நாளின் முழு வரலாறும் அதில் கோடுகோடாகப் பதிந்துவிடும். 2005இல் வந்த ஐபாட் நேனோவில் இந்த நுட்பம் முன்பக்கத்துக்கும் வந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐபாட் மினியை நிறுத்திவிட்டுத்தான் நேனோவைக் கொண்டுவந்தார்கள். அதன் திரை எளிதில் கீறல் விழுகிறது என்ற புகார் வழக்காகி நீதிமன்றம் வரை போனது.

அந்த எஃகுப் பின்புறத்தில் பேட்டரிக்குக் கதவு இல்லை. லித்தியம் பேட்டரி எதுவானாலும் சில நூறு முறை மின்னேற்றியதும் தளர ஆரம்பிக்கும். அது வேதியியல், யாரும் தப்ப முடியாது. அப்படித் தளரும் ஒரு பாகத்தை, என்றைக்குமே தளராததுபோல உள்ளே வைத்து மூடிய தன்னம்பிக்கையை வியக்காமல் இருக்க முடியவில்லை. 2003இல் நியூயார்க்கைச் சேர்ந்த நைஸ்டாட் சகோதரர்கள் ஒரு குறும்படம் எடுத்தார்கள். பதினெட்டு மாதத்தில் பேட்டரி செத்துப்போனது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், மாற்றும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று பதில் வந்தது. தெருவெங்கும் ஒட்டியிருந்த ஐபாட் விளம்பரங்களின் மேல் அந்தச் செய்தியைச் சாயத்தால் அச்சடித்துக்கொண்டே போனார்கள். அதையொட்டிய நாட்களில் 99 டாலருக்குப் பேட்டரி மாற்றும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. 2005இல் ஒரு கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 டாலர் கடைச் சீட்டு கிடைத்தது. அந்தச் சீட்டை வைத்து ஆப்பிள் பொருளை வாங்கிக்கொள்ளலாம்.

மூடுவதில் அவர்கள் அடைந்த தேர்ச்சி அதன் பிறகு நின்றதே இல்லை. 2010இல் வந்த ஐபோன் 4இன் அடியில் முதலில் சாதாரண பிலிப்ஸ் திருகுகள் இரண்டு இருந்தன. சில மாதங்களில் அவை ஐந்து இதழ்ப் பூப்போன்ற தலையுள்ள திருகுகளாக மாறின. அதற்குப் பொருந்தும் திருப்புளி அப்போது கடையில் கிடைக்காது. திருகின் வேலை பிடிப்பது மட்டுமே என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்பதையும் ஒரு மில்லிமீட்டர் அகலத் திருகின் தலையில் எழுதிவிட முடியும் என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள்.

இன்று அந்தத் திருப்புளி சென்னை ரிச்சி தெருவில் எந்தச் சர்வீஸ் கடையிலும் இருக்கிறது. அங்கே ஒரு கைப்பேசிக்குப் பேட்டரி மாற்றுவதை அருகிலிருந்து பார்த்தால்தான் வடிவமைப்பாளர்களின் உழைப்பு புரியும். முதலில் கடைக்காரர் சூட்டுத் தட்டின் மேல் கைப்பேசியை வைத்துப் பசையை இளக்குகிறார். பிறகு டிஸ்ப்ளேயில் ரப்பர் உறிஞ்சியை ஒட்டி மேலே இழுக்கிறார். மயிரிழை அளவு இடைவெளி தெரிந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து நாலு பக்கமும் நகர்த்துகிறார். ஒரு பக்கம் கொஞ்சம் ஆழமாகப் போனாலும் டிஸ்ப்ளேயை இணைக்கும் ஃபிளெக்ஸ் பட்டை அறுந்துவிடும், அப்புறம் பேட்டரி விலையோடு டிஸ்ப்ளே விலையும் சேரும். திறந்த பிறகு பேட்டரிக்கு அடியிலுள்ள பசை நாடாவின் நுனியைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார். நடுவில் அறுந்தால் பேட்டரியை நெம்பித்தான் எடுக்க வேண்டும். நெம்பும்போது வளைந்தால் தீப்பிடிக்கலாம். "மாத்துறது அஞ்சு நிமிஷம்தான் சார், தொறக்கிறதுக்குத்தான் அரை மணி நேரம்" என்கிறார் தலையைத் தூக்காமல். அந்த அரை மணி நேரமும் எங்கோ ஒரு வடிவமைப்பு அறையில் வரைந்து உண்டாக்கியது.

நோக்கியா 1100 வடிவமைத்தவர்களுக்கு இந்த அளவுக்கு வரையத் தெரிந்திருக்கவில்லை. 2003இல் வந்து உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற அந்தக் கைப்பேசியில் தூசி நுழையாதபடி ஒரே துண்டு ரப்பர் விசைப்பலகை இருந்தது, வியர்வைக் கையில் வழுக்காத பக்கங்கள் இருந்தன, கரண்ட் போனால் டார்ச் இருந்தது. பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளினால் கழன்றுவிடும். பேட்டரியை எந்த ஊரிலும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வாங்கியவர் அதை யாரையும் கேட்காமல் திறக்கலாம்.

திறந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி கண்டார்கள். புதிய ஐபோன்களில் வெளிக்கடையில் பேட்டரி மாற்றினால், அது ஆப்பிளின் அசல் பேட்டரியாகவே இருந்தாலும், பேட்டரி நலம் காட்டும் இடத்தில் சர்வீஸ் தேவை என்ற எச்சரிக்கை வருவதை 2019இல் பழுதுநீக்குவோர் கண்டுபிடித்தார்கள். பேட்டரிக்கும் அந்தக் குறிப்பிட்ட கைப்பேசிக்கும் மென்பொருளால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இன்னும் நுட்பமானது. வயதான பேட்டரி திடீர்ச் சுமையைத் தாங்காமல் கைப்பேசியை அணைத்துவிடுகிறது, உண்மையான சிக்கல்தான். 2017 ஜனவரியில் வந்த மென்பொருள் மேம்பாடு அத்தகைய கைப்பேசிகளின் வேகத்தைக் குறைத்து அணையாமல் காத்தது. நல்ல பொறியியல். யாருக்கும் விளங்கும்படி சொல்லாமல் செய்தார்கள், அவ்வளவுதான். கைப்பேசி மந்தமாகிவிட்டது, பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கப் போனவர்களுக்கு, பேட்டரியை மட்டும் மாற்றினால் பழைய வேகம் திரும்பும் என்று தெரியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் வேறொருவர் வேகத்தை அளந்து வெளியிட்ட பிறகு நிறுவனம் ஒப்புக்கொண்டது. 79 டாலர் பேட்டரி மாற்றம் 29 டாலர் ஆனது. 2020இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை தருவதாகச் சமரசம் செய்துகொண்டார்கள்.

ஆனாலும் கழித்தலின் உச்சம் 2016 செப்டம்பர் என்பேன். ஐபோன் 7இலிருந்து இயர்போன் துளையை எடுத்தார்கள். அந்தத் துளையின் மூதாதை 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களின் செருகிகளில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காகச் சிறிதான 3.5 மில்லிமீட்டர் துளை வாக்மேன், கணினி என்று எல்லா இடத்திலும் ஒன்றேயாக இருந்தது. யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். ஐம்பது ரூபாய் இயர்போனும் ஐம்பதாயிரம் ரூபாய் ஹெட்போனும் ஒரே துளைக்குள் போகும். இவ்வளவு பொதுவான, இவ்வளவு மலிவான, இவ்வளவு நாள் உழைத்த ஒன்றை எடுக்க ஏன் துணிந்தோம் என்பதற்கு மேடையில் ஆப்பிள் அதிகாரி பில் ஷில்லர் ஒரே சொல்லில் காரணம் சொன்னார்: துணிச்சல். எனக்கு அதில் ஐயமே இல்லை. கோடிக்கணக்கானோர் மேசை இழுப்பறையில் நல்ல நிலையில் இருக்கும் இயர்போன்களை ஒரே நாளில் பொருந்தாதவையாக்கத் துணிச்சல் வேண்டும். அதே மேடையில், அதே நாளில், வயரில்லாத ஏர்பாட்ஸை 159 டாலருக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும்.

அவர்கள் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. உள்ளே இடம் மிச்சமானது; ஐபோன் 7 தண்ணீரைத் தாங்கியது. பழைய இயர்போன் உள்ளவர்களுக்கு விரற்கடை நீள அடாப்டர் ஒன்றைப் பெட்டியிலேயே வைத்தார்கள். அதைச் செருகினால் மின்னேற்ற இடமிருக்காது. மின்னேற்றிக்கொண்டே பாட்டுக் கேட்க வேண்டியவர்களுக்கு இன்னொரு அடாப்டரை வேறு நிறுவனங்கள் விற்றன. 2018இல் அடாப்டரையும் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். 2020இல் மின்னேற்றியையும் எடுத்தார்கள். போட்டி நிறுவனங்கள் முதலில் விளம்பரத்தில் கிண்டல் செய்துவிட்டுப் பிறகு தாமும் துளையை அடைத்தன: கூகுள் 2017இல், சாம்சங் தன் நோட் 10இல் 2019இல். பகைவரும் பின்பற்றும் வழியைக் காட்டியவர்களுக்கு இதைவிட வேறு புகழ் வேண்டியதில்லை.

ஏர்பாட்ஸ் காதுக்கு இதமானது. பெட்டியைத் திறந்தவுடன் கைப்பேசியோடு இணைந்துவிடும் அழகை மறுக்க முடியாது. அதன் காம்புக்குள் விரல் நகக்கண் அகலம்கூட இல்லாத ஒரு பேட்டரி இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு தினமும் கேட்டால் அது தளரும். காம்பு முழுவதும் ஒட்டப்பட்டது. அறுக்காமல் திறக்க முடியாது. பழுதுநீக்க எளிமைக்கு மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் பத்துக்குப் பூஜ்யம் போட்டது. வயர் அறுந்த பழைய இயர்போனை எங்கள் தலைமுறை பிளேடால் சீவி, முறுக்கி, டேப் சுற்றிப் பாட்டுக் கேட்டது. அந்த வேலையிலிருந்து இவர்கள் அடுத்த தலைமுறைக்கு நிரந்தர விடுதலை கொடுத்துவிட்டார்கள்.

2022இல் ஆப்பிள் அமெரிக்காவில் சொந்தப் பழுதுநீக்கத் திட்டத்தைத் தொடங்கியது. விரும்பியவர் அசல் பாகத்தையும் கருவிகளையும் வீட்டுக்கே வரவழைத்துத் தானே மாற்றிக்கொள்ளலாம். ஓர் அமெரிக்கச் செய்தியாளர் தன் ஐபோன் 13 மினியின் பேட்டரியை மாற்றக் கேட்டார். கைப்பேசியின் எடை 141 கிராம். வந்த கருவிகள் இரண்டு பெரிய பெட்டிகளில், சுமார் 36 கிலோ. பேட்டரிக்கு 69 டாலர், கருவிகளுக்கு வாரவாடகை 49 டாலர், திருப்பித் தராவிட்டால் பிடித்துக்கொள்ள 1,200 டாலர் பிணை. அப்போது ஆப்பிள் கடையில் கொடுத்தாலும் அதே 69 டாலரில் அவர்களே மாற்றித் தந்தார்கள். கேட்பவரின் கோரிக்கையை மறுக்காமல், ஒரு குறையும் வைக்காமல், அத்தனையையும் வாசலில் கொண்டுவந்து இறக்கிய கண்ணியத்தைப் பாராட்ட வேண்டும்.

ஐபோன்களில் ஒரு பகுதி இப்போது நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்தான் கோக்கப்படுகிறது. 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் ஆலை இயங்கிய அதே வட்டாரம். பாகத்தை எப்படிப் பொருத்துவது, பசையை எப்படி அழுத்துவது என்று தெரிந்த கைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரிச்சி தெரு அங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். அசல் பாகம் மட்டும் அந்தத் தூரத்தை எளிதில் கடப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்ற முடிய வேண்டும் என்கிறது. சட்டம் 2023இல் நிறைவேறியது. 2024இல் வந்த ஐபோன் 16இன் பேட்டரியில் புதுவிதப் பசை இருந்தது. அதில் இரண்டு முனைகளைத் தொட்டு 9 வோல்ட் கொடுத்தால் பசை தானாக விட்டுவிடும். நெம்ப வேண்டாம், சூடுபடுத்த வேண்டாம். சுமார் ஒன்றரை நிமிடத்தில் பேட்டரி கையில் வந்துவிடும். இத்தனை காலமும் அவர்களால் முடியாமல் இல்லை என்று நான் நம்பிவந்தது வீண்போகவில்லை. ஒட்டத் தெரிந்தவர்களுக்கு விடவும் தெரியும். கைப்பேசியின் அடியில் அந்த ஐந்து இதழ்த் திருகுகள் இரண்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன; அவற்றையும் எடுக்கும் திறமை அவர்களிடம் நிச்சயமாக இருக்கிறது.